இருக்கிற வீட்டைப் பெரிதாக்குவதா, பெரிய வீடாகப் பார்த்து வாங்குவதா?

மேற்குஜன்னல்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக ஒரே பேச்சு இதுதான், எப்படிச் சுற்றினாலும் முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்களுடையது தரைத்தளம் மட்டும் உள்ள தனி வீடு. 650 சதுர அடி இருக்கும். இரண்டு பெட்ரூம், ஹால், சமையலறை, ஒரே ஒரு பாத்ரூம். நானும் மனைவியும், 12 வயதில் மகள், 8 வயதில் மகன், அப்புறம் என் அம்மா. மகள் பாட்டியோடு ஓர் அறையில், மகன் எங்களோடு. வாரத்தில் பாதி நாள் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், அதற்கு ஹாலின் மூலையில் ஒரு மேசை. வீடு கட்டி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, கடன் எல்லாம் அடைத்தாயிற்று. பக்கவாட்டில் 9 அடி காலி இடம் உண்டு, பின்பக்கம் அதைவிடக் கொஞ்சம் தாராளம்.

மாடி எடுக்கலாம், அல்லது பக்கவாட்டிலோ பின்னாலோ அறை சேர்க்கலாம், அல்லது இதை விற்றுவிட்டு இன்னும் தள்ளிப் போய் 1200 சதுர அடியில் ஒரு வீடு வாங்கலாம். வாங்கினால் மறுபடி 20 வருடக் கடன். கான்ட்ராக்டர் ஒருவர் வந்து வெளியே நின்று பார்த்துவிட்டு "மேலே ஒரு தளம் தாராளமாக எடுக்கலாம்" என்றார். மைத்துனர் பழைய வீட்டில் பணத்தைக் கொட்டாதே, விற்றுவிடு என்கிறார். மனைவிக்கு இந்தத் தெருவை விட்டுப் போக மனமில்லை, பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள், அம்மாவுக்கும் பேச்சுத்துணை இங்கேதான்.

எது லாபம் என்பதைவிட, எதை முதலில் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

வாசற்படி:

ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள். வீடு உங்களுக்கு எந்த நேரத்தில் சின்னதாகத் தெரிகிறது?

நாள் முழுக்கவா, காலையில் எல்லோரும் கிளம்பும் அந்த ஒரு மணி நேரமா, சாயங்காலம் மகள் படிக்க உட்காரும்போதா, நீங்கள் போனில் அலுவலகப் பேச்சு பேசும்போதா? காலையில்தான் நெருக்கடி என்றால் உங்களுக்குத் தேவை இன்னொரு பாத்ரூம், அதற்கு 4 அடிக்கு 8 அடி இருந்தால் போதும். போன் பேசும்போதுதான் என்றால் மூடுகிற ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான். இடம் போதாத வீடு வேறு, கதவு போதாத வீடு வேறு. இரண்டாவது வகையில் இருப்பவர்கள் 1200 சதுர அடிக்குப் போனாலும் அங்கே ஹால் மட்டும் பெரிதாக இருந்தால் இதே சிக்கல்தான் கூடவே வரும்.

ஒரு வாரம், வீட்டில் யாருக்கு எப்போது இடைஞ்சல் வந்தாலும் ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளையும் சேர்த்து. நாங்கள் இதைச் செய்தபோது ஹாலைப் பெரிதாக்க வேண்டும் என்று யாருமே எழுதவில்லை. நான் எதிர்பார்த்தது அதைத்தான். பிள்ளைகள் எழுதியதெல்லாம் தனியாக உட்கார ஓர் இடம், சத்தம் கேட்காத ஓர் இடம். கடைசியில் ஓர் அறையை ஜிப்சம் பலகையால் இரண்டாகத் தடுத்து, நடுவில் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு வைத்தோம், பரணையும் சுவர் அலமாரியையும் சரிசெய்தோம், அதோடு நின்றுவிட்டது. உங்களுக்கும் அதுவே போதும் என்று சொல்ல வரவில்லை, ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூம் நிச்சயமாகப் போதாது. ஆனால் என்ன குறை என்று தெரியாமல் மாடியா வேறு வீடா என்று யோசித்தால் பேச்சு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று. மகளுக்கு 12 வயது. இன்னும் ஆறேழு வருடத்தில் படிக்கவோ வேலைக்கோ வெளியே போகலாம், போகாமலும் இருக்கலாம். உங்கள் வீட்டில் நெருக்கடி உச்சத்தில் இருக்கப்போவது இனி வரும் சில வருடங்கள்தான், நீங்கள் வாங்கப்போகும் கடனோ 20 வருடம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தூணும்பீமும்:

கட்டட வடிவமைப்புதான் என் வேலை, அதனால் அந்தக் கான்ட்ராக்டர் சொன்னதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியே நின்று பார்த்து மாடி எடுக்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. தாங்க வேண்டியது மண்ணுக்குள் இருக்கிறது, அது அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

எவ்வளவு எடை ஏறப்போகிறது என்று பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,500 கிலோ. 5 அங்குல கனத்தில் 600 சதுர அடிக்கு ஒரு தளம் போட்டால் அது மட்டுமே ஏறக்குறைய 18 டன். 9 அங்குலச் செங்கல் சுவரை 10 அடி உயரத்துக்குக் கட்டினால் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் சுமார் 400 கிலோ. இதற்கு மேல் தரைப்பூச்சு, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி (1,000 லிட்டர் என்றால் தண்ணீரே ஒரு டன்), ஆட்கள், பீரோ, கட்டில். வீட்டுத் தளங்களுக்கு மனிதர், சாமான் வகைக்கு மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில் கணக்கு வைப்பது வழக்கம். இப்போது மொட்டை மாடியாக இருக்கும் தளம் அதைவிடக் குறைந்த சுமைக்குப் போடப்பட்டிருக்கலாம், அதன் மேல் நினைத்த இடத்தில் குறுக்குச் சுவர் எழுப்ப முடியாது.

பார்க்க வேண்டியவை இவை. முதலில் பழைய வரைபடம், அதில் தூண் பீம் போட்ட வீடா, சுவரே தாங்கும் வீடா என்று தெரிந்துவிடும். பிறகு சுவரை ஒட்டி ஒன்றிரண்டு இடத்தில் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அகலம், ஆழம், அடியில் இருக்கும் மண் எல்லாவற்றையும் நேரில் பார்ப்பது. தோண்டிப் பார்க்காமல் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. அடுத்தது கான்கிரீட்டின் நிலை. சுத்தியல் போன்ற கருவியை அழுத்தி அது எவ்வளவு எகிறுகிறது என்று அளக்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனையைத்தான் பலர் செய்வார்கள். அது மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும், பழைய கான்கிரீட்டில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்து மேல்தோல் இறுகியிருக்கும் என்பதால் உண்மையைவிட நல்ல எண் வரும். அதோடு கான்கிரீட்டுக்குள் ஒலியலையைச் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனையும், சந்தேகம் இருந்தால் சிறு உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பார்க்கும் சோதனையும் சேர வேண்டும்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. தளத்தின் அடிப்பக்கத்தில் நேர்க்கோட்டில் விரிசல், பழுப்புக் கறை, பூச்சு உப்பி விழுவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் பழைய அளவைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பாத்ரூம், சமையலறைக்கு மேலேதான் இது முதலில் தெரியும். அப்படி இருந்தால் மாடிப் பேச்சை விடுங்கள், முதலில் இருக்கிற தளத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

வேலையை எடுத்துக் கட்டப்போகிறவரிடமே இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். கட்டுமானத்தோடு தொடர்பில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சின்னத் தொகை, உங்கள் மூன்று வழிகளில் ஒன்றை அது முழுதாக அடைத்துவிடும் அல்லது திறந்துவிடும்.

பக்கவாட்டு அறைக்கும் ஒரு வார்த்தை. பழைய பாகம் இத்தனை வருடத்தில் மண்ணில் அமர்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரும். இரண்டையும் இறுக்கிப் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் வரும், அதனால் நடுவில் இடைவெளி விட்டு மூடி முடிக்க வேண்டும். பழைய அஸ்திவாரத்தைவிட ஆழமாக அதன் ஓரத்தில் நீளமாகத் தோண்டவே கூடாது, தேவைப்பட்டால் துண்டு துண்டாகத் தோண்டி அவ்வப்போது கட்டி மூடிக்கொண்டு போக வேண்டும். இதில் அவசரப்பட்டுச் சுவர் சாய்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குநோட்டு:

பணத்தின் பக்கம் நான் சொல்கிறேன். பெரும்பாலோர் கட்டுகிற செலவையும் புது வீட்டு விலையையும் ஒப்பிடுகிறார்கள், அங்கேயே கணக்கு தப்பாகிவிடுகிறது. ஒப்பிட வேண்டியது இந்த வீட்டை விற்று கையில் நிற்கும் தொகைக்கும் புது வீட்டுக்குள் குடியேறி முடிக்கும்வரை ஆகும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பத்திரப்பதிவு, தரகு, வழக்கறிஞர், கடன் வாங்கும் கட்டணம், விற்பதில் வரும் வரி, சாமான் ஏற்றி இறக்குவது, அங்கே போனதும் பண்ண வேண்டிய பெயிண்ட், அலமாரி, கிரில் எல்லாம் அதில் சேரும். இதில் பல செலவுகளை வீடாகத் திரும்பப் பார்க்கவே முடியாது, போனது போனதுதான்.

கடன் எப்படி வேலை செய்கிறது என்றும் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு 9 சதவீத வட்டியில் 20 வருடம் என்று வைத்தால் வாங்கியதைப் போல சுமார் 2.16 மடங்கு திருப்பிக் கட்டுவீர்கள். முதல் மாதத் தவணையில் 83 சதவீதம் வட்டி. அசல் சரிபாதியாகக் குறைவது 14வது வருடம் முடியும்போதுதான். நடுவில் விற்க நேர்ந்தால் இவ்வளவு கட்டியும் கடன் ஏன் குறையவில்லை என்று பலர் திகைப்பது இதனால்தான். சின்னக் கடன், குறைந்த வருடம் என்பதில் கட்டுபவருக்கு இருக்கும் பெரிய அனுகூலமே இது.

ஒரு சோதனை செய்யுங்கள். புது வீட்டுக்கு வரப்போகும் மாதத் தவணையையும் கூடுதல் போக்குவரத்துச் செலவையும் இப்போதே ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இடையில் எடுக்காமல் இருக்க முடிந்தால் உங்களால் தாங்க முடியும், சேர்ந்த பணமும் வீண் போகாது. முடியாவிட்டால் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

கட்டுவதானால் மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள், பழைய வீட்டில் கைவைத்தால் சுவருக்குள் இருக்கும் ஒயரும் குழாயும் புதுச் செலவைக் காட்டாமல் விடாது. பணத்தை வேலையின் கட்டம் பார்த்துக் கொடுங்கள், கடைசி 5 அல்லது 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அப்புறம், தெருவில் மற்ற வீடுகளைவிட மிகப் பெரிதாகக் கட்டினால் விற்கும்போது போட்ட பணம் முழுதாக வராது, வாங்குகிறவர் தெருவையும் சேர்த்துத்தான் விலை போடுவார். இருக்கப் போகிறீர்கள் என்றால் அது கவலையில்லை.

இரண்டாம்மாடி:

எல்லோரும் கட்டச் சொல்வது போல இருக்கிறது, நான் மாற்றிச் சொல்கிறேன். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் கட்டுமானம் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மொட்டை மாடியின் மேல்பூச்சைக் கொத்தி எடுத்த பிறகு மேலே கூரை வரும்வரை கீழே இருக்கிற தளத்துக்கு மழையிலிருந்து பாதுகாப்பு கிடையாது. போட்ட கான்கிரீட் முழு வலிமைக்கு வர 28 நாள் கணக்கு, நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்பதற்காக அது சீக்கிரம் இறுகாது. எங்கள் வீட்டில் தூசியால் என் மகனுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, நடுவில் வாடகை வீட்டுக்குப் போனோம், அந்த வாடகை எந்த மதிப்பீட்டிலும் இல்லை. வயதான அம்மாவும் படிக்கிற பிள்ளைகளும் இருக்கும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, வாடகையையும் கட்டுமானச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

கட்டி முடித்த வீட்டில் நீங்கள் வாங்குவது கண்ணுக்குத் தெரியும், விலையும் தெரியும். அந்த 1200 சதுர அடி வீட்டைப் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேண்டும் என்றும் சொல்லாதீர்கள். டேப் எடுத்துப் போய் ஒவ்வோர் அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து பாருங்கள், விளம்பரத்தில் வரும் பரப்பில் சுவரின் கனம், பொது நடை, மாடிப்படி எல்லாம் சேர்ந்திருக்கும், உள்ளே புழங்குவதற்கு அதில் கணிசமாகக் குறையும். பலத்த மழை பெய்த மறுநாள் போங்கள், இரவில் ஒருமுறை போங்கள், வேலை நாள் காலையில் அங்கிருந்து பள்ளிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிஜமாகவே போய்ப் பாருங்கள்.

மேற்குஜன்னல்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. தாள் ஒட்டி வைத்தோம். வாசற்படி சொன்னது போலவே காலை நேரப் பாத்ரூம்தான் முதலில் நிற்கிறது, அடுத்து மகளுக்குப் படிக்க இடம். அம்மா ராத்திரியில் எழும்போது மகளின் தூக்கம் கெடுகிறதே என்று வருத்தப்படுவதாக எழுதியிருக்கிறார், இதை அவர் எங்களிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

பழைய வரைபடம் கிடைத்தது. தூண் எதுவும் இல்லை, 9 அங்குலச் சுவர் மேலேயே தளம். பாத்ரூம் தளத்தின் அடியில் லேசான பழுப்புக் கறை இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி வந்தாலும் அவர் கீழேதான். பக்கவாட்டில் அறை சேர்த்தால் நடு அறையின் ஒரே ஜன்னல் அடைபடும், அதற்கு வழி உண்டா?

பகல்வெளிச்சம்:

ஜன்னலை அடைக்காதீர்கள், தயவுசெய்து. தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம்வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும் அளவில் உள்ளே வரும். ஜன்னலே இல்லாமல் போனால் அந்த அறையில் பகலிலும் விளக்கு, காற்றும் நின்றுவிடும். ஓர் அறையைச் சேர்த்து இன்னோர் அறையை இழப்பதில் என்ன பயன்? தவிர அந்த 9 அடி முழுவதையும் கட்ட உங்கள் உள்ளாட்சி அனுமதிக்காது என்றே நினைக்கிறேன், எல்லையிலிருந்து இவ்வளவு விட வேண்டும் என்ற விதி அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. வரைவதற்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

மாடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 10 அடி உயரத்துக்கு 7 அங்குலப் படி வைத்தால் 17 படி ஏற வேண்டும். திரும்பி ஏறும் படிக்கட்டு 3 அடி அகலத்தில் கீழே 65 சதுர அடியை எடுத்துக்கொள்ளும், மேலேயும் அதே அளவு போகும். 650 சதுர அடி வீட்டில் பத்தில் ஒரு பங்கு படிக்கே போய்விடுகிறது. வெளியே வைத்தால் இடம் மிஞ்சும், ஆனால் ராத்திரியில் பிள்ளைகள் மழையில் ஏறி இறங்க வேண்டும்.

எனக்கு உங்கள் தாளைப் படித்தபோது தோன்றியது பின்பக்கம்தான். இருக்கிற பாத்ரூமை ஒட்டி இரண்டாவது பாத்ரூம், குழாய் தூரம் குறையும். அதற்கு அடுத்து அம்மாவுக்கு 10க்கு 10 அறை, படி இல்லாமல் சமதரையில், 3 அடி அகலக் கதவோடு, ராத்திரியில் நாலு எட்டு வைத்தால் பாத்ரூம். பழைய சுவருக்கும் புது அறைக்கும் நடுவில் வானம் தெரிகிற மாதிரி 4 அடி திறப்பு விட்டால் ஜன்னல் எதுவும் சாகாது. மகளுக்கு அவள் அறை முழுதாகக் கிடைத்துவிடும். சேர்வது மொத்தம் 160 சதுர அடிக்குள்தான்.

தூணும்பீமும்:

பகல்வெளிச்சம் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். 9 அங்குலச் சுவர் தாங்கும் வீட்டில் மேல் சுவர்கள் கீழ்ச் சுவர்களின் நேர்மேலேயே வந்து, அஸ்திவாரமும் அகலமாக இருந்தால் ஒரு தளம் ஏற்ற வாய்ப்புண்டு, அப்படியே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன கறையைப் பார்க்கும்போது முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள். மாடி வருகிறதோ இல்லையோ, விற்கிறீர்களோ இல்லையோ, அது தள்ளிப்போடும் வேலை இல்லை.

மேற்குஜன்னல்:

சரி, வரிசை கிடைத்துவிட்டது. இந்த மாதமே கசிவு வேலை. அடுத்து உள்ளாட்சி அலுவலகத்தில் பின்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்பது. அப்புறம் இன்ஜினியரை வைத்துக் குழி தோண்டிப் பார்ப்பது. விதிப்படி பின்னால் அந்த 160 சதுர அடி வந்தால் நாங்கள் இங்கேயே இருக்கிறோம், என் மேசையையும் மகனையும் எங்கே வைப்பது என்று அதற்குள் பார்த்துக்கொள்வோம். வரவில்லை என்றால் மட்டும் விற்கும் பேச்சு. அதுவரை மாதத் தவணைக்கு உண்டான தொகையைத் தனியாகப் போட ஆரம்பிக்கிறோம், எந்த வழியில் போனாலும் அது உதவும். மனைவிக்கு இதைப் படித்துக் காட்டினேன், அம்மாவின் அறைக்கு ஜன்னல் தெருப்பக்கம் பேச்சு கேட்கிற மாதிரி வைக்க முடியுமா என்று கேட்கிறாள்.

தூணும்பீமும்:

அறை பின்னால் என்பதால் நேராகத் தெரு தெரியாது. ஆனால் பக்கவாட்டில் உள்ள அந்த 9 அடி காலி இடத்தைப் பார்த்து ஜன்னல் வைத்தால் வாசலில் பேசுவது காதில் விழும், ஆள் வந்தால் தெரியும். குழி தோண்டும்போது பாத்ரூமுக்கு வெளிப்பக்க மூலையிலும் ஒன்று போடச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாய் கசிந்து அஸ்திவாரத்துக்கு அடியில் மண் இளகியிருந்தால் அங்கேதான் தெரியும், புது அறையும் அதை ஒட்டித்தானே வரப்போகிறது.